ஓப்ரா வின்ஃப்ரே: துன்ப இளமையும் ஊடக உயர்வும்

ஓப்ரா வின்ஃப்ரே 1954 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கோசியஸ்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தாய் வெர்னிட்டா லீ மணமாகாதவர். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. தந்தை வெர்னன் வின்ஃப்ரே ராணுவத்தில் இருந்தார். விவிலியத்தில் ரூத்தின் கதையில் வரும் ஓர்பாளின் பெயரையே குழந்தைக்கு இட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் வாயில் எழுத்து இடம் மாறி, ஓப்ரா என்றே அது நிலைத்துவிட்டது. பொதுப் பள்ளிகளில் பிள்ளைகளை நிறத்தால் பிரித்துவைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே ஆண்டு மே மாதத்தில். தீர்ப்பு வந்ததே தவிர மிசிசிப்பி மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. அங்கே பிறந்த ஒரு கறுப்பினப் பெண் குழந்தைக்கு வெள்ளையர் வீட்டுச் சமையலறையும் துணி வெளுக்கும் தொட்டியுமே பெரும்பாலும் காத்திருந்தன.

அந்தக் குழந்தைதான் பின்னாளில் 25 ஆண்டுகள் தன் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது ஒளிபரப்பானது. 2003இல் ஃபோர்ப்ஸ் இதழின் பட்டியலில் இடம்பெற்று, உலகின் முதல் கறுப்பினப் பெண் பில்லியனர் ஆனார் ஓப்ரா. இந்த ஏற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் துன்பமே அவரை உரமேற்றியது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய வாழ்க்கை விவரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் தேறாது. அவரை மேலே தூக்கிவிட்ட கைகள் யாருடையவை, எந்தக் கதவுகள் எப்போது திறந்தன, பட்ட துன்பத்தை அவர் எப்படித் தொழிலுக்குள் கொண்டுவந்தார் என்பவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் ஆறு ஆண்டுகள் அவர் வளர்ந்தது தாய்வழிப் பாட்டி ஹேட்டி மே லீயின் சிறு பண்ணை வீட்டில். வீட்டுக்குள் குழாய் இல்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். உருளைக்கிழங்குச் சாக்கில் தைத்த உடுப்பை அணிந்ததாக ஓப்ரா பலமுறை சொல்லியிருக்கிறார். பாட்டி கண்டிப்பானவர், பிரம்பெடுத்து அடிக்கவும் தயங்காதவர். ஆனால் பேத்திக்கு மூன்று வயது முடியும் முன்பே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். தேவாலயத்தில் சபையார் முன்னால் நிறுத்தி விவிலிய வசனங்களை ஒப்பிக்கவைத்தார். அந்தச் சிறுமியைச் சபையார் ‘பிரசங்கியார்’ என்று செல்லமாக அழைத்தார்கள். பெருங்கூட்டத்தின் முன் அச்சமின்றிப் பேசும் பழக்கம் வேரூன்றியது இந்த மேடையில். தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைந்தபோது அவருக்குப் பதினைந்து ஆண்டு மேடை அனுபவம் இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

ஆறு வயதில் அவரை விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகருக்குத் தாயிடம் அனுப்பினார்கள். வெர்னிட்டா வீட்டு வேலை செய்து பிழைத்தார். ஒரு குடியிருப்பில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வீட்டுக்காரப் பெண்ணுக்குச் சிறுமியின் கருநிறம் பிடிக்கவில்லை. முதல் இரவில் ஓப்ரா வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில்தான் படுத்தார். இடையில் ஓராண்டு அளவுக்கு டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் தந்தையிடம் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு, ஒன்பதாம் வயதில் கொடுமை தொடங்கியது. உறவுக்காரப் பையன் ஒருவன், பின்னர் ஒரு மாமன், குடும்பத்துக்குப் பழக்கமான ஒருவர் என்று மூவர் அவரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. தாய் நாள் முழுதும் வேலையில், கேட்க ஆளில்லை, சொன்னால் தன்னையே குற்றம் சொல்வார்கள் என்ற பயம் வேறு. வன்முறை வெளியாரால் மட்டும் நிகழ்வதாக அன்றைய சமூகம் நம்பியது. வீட்டுக்குள் நடப்பதற்கு அதனிடம் பெயர்கூட இருக்கவில்லை.

இதே காலத்தில்தான் பள்ளியில் ஒரு கதவு திறந்தது. மதிய உணவுக் கூடத்தின் இரைச்சலில் தனியே அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த மாணவியை ஓர் ஆசிரியர் கவனித்தார். ஏழை மாணவர்களைக் கல்லூரிப் படிப்புக்குத் தயார்செய்ய 1960-களின் நடுப்பகுதியில் கூட்டரசு தொடங்கியிருந்த ‘அப்வர்ட் பவுண்ட்’ திட்டத்தில் ஓப்ரா சேர்க்கப்பட்டார். நகருக்கு வெளியே வசதியானவர்கள் பகுதியில் இருந்த நிக்கோலட் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்தப் பள்ளியின் மாணவர்கள் எல்லாருமே வெள்ளையர் என்று சொல்லலாம். அவர் ஏறிச் சென்ற பேருந்தில் உடன் பயணம் செய்தவர்கள் அதே மாணவர்களின் வீடுகளுக்கு வேலைக்குப் போன கறுப்பினப் பெண்கள். நல்ல பள்ளி கிடைத்தும் அவருடைய நிலை சீராகவில்லை. மோசமானது என்றே சொல்ல வேண்டும். கூடப் படித்த பிள்ளைகளைப் போல் செலவழிக்கத் தாயின் பையிலிருந்து காசு திருடினார், பொய் சொன்னார், வீட்டைவிட்டு ஓடினார். வாய்ப்பைக் கொடுத்த திட்டம், அந்தப் பிள்ளை மாலையில் எந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்பதைப் பார்க்கவில்லை.

பதினான்காம் வயதில் தாய் அவரைச் சிறார் கூர்நோக்கு இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே இடம் இல்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். இரண்டு வாரம் தன்னால் வைத்துக்கொள்ள முடியாது என்றார் தாய். நாஷ்வில்லில் இருந்த தந்தையிடம் அனுப்பினார். ஓப்ராவின் வாழ்க்கை திசைமாறிய இடம் இதுதான், அது நேர்ந்தது தற்செயலாக. திறமைக்கும் மன உறுதிக்கும் இதில் பங்கில்லை என்பதை அவரைப் பற்றிய புகழுரைகள் மறந்துவிடுகின்றன.

நாஷ்வில்லுக்கு வந்தபோது அவர் கருவுற்றிருந்தார். அதை மறைத்தார். குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. தந்தை வெர்னன் முடிதிருத்தகம் நடத்தியவர். பின்னாளில் நகரமன்ற உறுப்பினரும் ஆனார். மகளுக்கு இது இரண்டாம் வாய்ப்பு என்று அவர் கருதினார். மாலையில் வீடு திரும்ப நேரம் குறித்தார். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப் படித்து வாராவாரம் அதைப் பற்றி எழுதித் தர வேண்டும், புதிய சொற்களைக் கற்க வேண்டும், நடுத்தரமான மதிப்பெண்ணோடு வரக் கூடாது. இந்தக் கண்டிப்பை வெறும் ஒழுக்கக் கட்டுப்பாடாகப் பார்க்கக் கூடாது. எங்கே இருக்கிறாய், என்ன படிக்கிறாய் என்று நாள்தோறும் கேட்கும் ஒருவர் அந்தப் பெண்ணின் வாழ்வில் வந்துசேர்ந்தார் என்பதே முக்கியம். கிழக்கு நாஷ்வில் உயர்நிலைப் பள்ளியில் அவர் பேச்சுப் போட்டிகளில் வென்றார். அப்படி வென்ற உதவித்தொகையே டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரைச் சேர்த்தது.

வெர்னிட்டாவின் மற்றப் பிள்ளைகளின் கதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. தம்பி ஜெஃப்ரி 1989இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். தங்கை பட்ரீசியா நெடுங்காலம் போதைப் பழக்கத்தோடு போராடி 2003இல் இறந்தார். இன்னொரு தங்கை பிறந்ததுமே தத்துக் கொடுக்கப்பட்டவர். அப்படியொருவர் இருப்பது ஓப்ராவுக்கே 2010இல்தான் தெரியவந்தது. ஒரே தாய், ஒரே வறுமை. துன்பந்தான் மனிதரை உயர்த்தும் என்றால் அந்த வீட்டில் ஒருவர் மட்டும் உயர்ந்ததற்கு விளக்கம் இல்லை.

ஆய்வுகள் சொல்வதும் இதுவே. ஹவாயின் கவாயி தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் அக்குழந்தைகள் நாற்பது வயதைத் தொடும்வரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் எனப் பல இடர்கள் ஒருங்கே சூழ்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, பெற்றோராகவோ பாட்டியாகவோ ஆசிரியராகவோ தங்கள்மேல் நிலையான அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தது. இத்தகைய இடர்கள் பிற்காலத்தில் என்ன செய்யும் என்பதை 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் வெளியிட்ட ஆய்வு இன்னும் அழுத்தமாகக் காட்டியது. சான் டியாகோவில் 9,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவ இடர்களைக் கேட்டுப் பதிந்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகை இடர்களைச் சந்தித்தவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு, எந்த இடரும் இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. ஜெஃப்ரியும் பட்ரீசியாவும் விதிவிலக்கல்லர்.

ஊடகத்துக்குள் அவர் நுழைந்த வழியிலும் காலத்தின் கை தெரிகிறது. 1971இல் நாஷ்வில்லில் தீத்தடுப்பு விழிப்புணர்வுக்காக நடந்த அழகிப் போட்டியில் அவர் வென்றார். பரிசு வாங்க டபிள்யூவிஓஎல் வானொலி நிலையத்துக்குப் போனபோது, விளையாட்டாக ஒரு செய்தித்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். குரலைக் கேட்டவர்கள் பகுதிநேரச் செய்தி வாசிப்பாளராக அமர்த்திக்கொண்டார்கள். அப்போது அவர் பள்ளி மாணவி. கல்லூரியில் படிக்கும்போதே, 19 வயதில், நாஷ்வில்லின் டபிள்யூஎல்ஏசி தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கத் தொடங்கினார். அந்நகரில் அந்த இருக்கையில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவரே. இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1967இன் நகரக் கலவரங்களை விசாரித்த கெர்னர் ஆணையம், அடுத்த ஆண்டு அளித்த அறிக்கையில் செய்தி நிறுவனங்களில் கறுப்பினத்தவர் இல்லாத நிலையைக் கடுமையாகச் சாடியிருந்தது. ஒளிபரப்பு நிலையங்கள் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதிகளும் வந்தன. நிலையங்கள் ஆள் தேடின. தன்னை எடுத்ததில் அந்தக் கணக்கும் இருந்தது என்பதை ஓப்ரா ஒளிக்கவில்லை. பத்தாண்டு முன்னதாக இதே குரலோடு வந்திருந்தாலும் கதவு மூடியே இருந்திருக்கும்.

1976இல், 22 வயதில், பால்ட்டிமோரின் டபிள்யூஜேஇசட் நிலையத்தில் மாலைச் செய்தியின் இணை வாசிப்பாளர் ஆனார். அங்கே சறுக்கினார். தீவிபத்தில் பிள்ளைகளை இழந்தவர்களிடம் ஒலிவாங்கியை நீட்டிக் கேள்வி கேட்க அவருக்கு மனம் வரவில்லை. செய்தி சொல்லும்போதே கண்கலங்கினார். முடியையும் முகத்தையும் மாற்றச் சொன்னது நிர்வாகம். சிகையலங்காரத்துக்கு அனுப்பிய இடத்தில் மருந்து தலையைப் புண்ணாக்க, முடி முழுதும் உதிர்ந்தது. 1977 ஏப்ரலில் மாலைச் செய்தியிலிருந்து நீக்கப்பட்டார். ஒப்பந்தம் முடியாததால் வேலையைவிட்டு அனுப்ப முடியவில்லை. எங்காவது வைக்க வேண்டும் என்று 1978 ஆகஸ்டில் ‘பீப்பிள் ஆர் டாக்கிங்’ என்ற காலை உரையாடல் நிகழ்ச்சியில் ரிச்சர்ட் ஷெரோடு உட்காரவைத்தார்கள். செய்தியாளரிடம் குறையாகக் கண்ட இளகிய மனம் அங்கே நிகழ்ச்சியின் உயிரானது. மனம்விட்டுப் பேசுபவரின் எதிரே தானும் மனம்விட்டு அமர்வது அவருக்கு இயல்பாக வந்தது.

சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் நிலையத்தில் ‘ஏஎம் சிகாகோ’ என்ற அரைமணி நேர நிகழ்ச்சி பார்வையாளர் எண்ணிக்கையில் கடைசி இடத்தில் கிடந்தது. 1984 ஜனவரி 2 அன்று ஓப்ரா அதை ஏற்றார். ஓரிரு மாதங்களுக்குள் அது ஃபில் டோனஹியூவின் நிகழ்ச்சியை நகரில் முந்தியது. பார்வையாளரிடையே ஒலிவாங்கியோடு நடந்து அவர்களையும் பேசவைக்கும் முறையை 1967 முதல் வளர்த்தெடுத்தவர் டோனஹியூ. ஓப்ரா அதைக் கண்டுபிடிக்கவில்லை. டோனஹியூ ஒரு செய்தியாளரின் கூர்மையோடு கேட்டார். ஓப்ரா தன்னையும் பேச்சின் பொருளாக்கினார், விருந்தினரின் கையைப் பிடித்தார், தன் தோல்விகளைச் சொன்னார். 1985இல் நிகழ்ச்சி ஒரு மணி நேரமாகி அவர் பெயரைச் சூடியது. அதே ஆண்டு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘தி கலர் பர்ப்பிள்’ படத்தில் சோஃபியா என்ற வேடத்தில் நடித்து, சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1986 செப்டம்பர் 8 முதல் நிகழ்ச்சி நாடெங்கும் ஒளிபரப்பானது.

அந்த ஆண்டே ஒரு நாள், குடும்பத்துக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பற்றிய நிகழ்ச்சியில், ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போது ஓப்ரா தனக்கும் அது நேர்ந்தது என்று சொன்னார். முன்கூட்டித் திட்டமிட்ட அறிவிப்பு அல்ல அது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழின் வாசலில் நின்ற ஒருவர், பகல்நேரத்தில், இல்லத்தரசிகளும் பிள்ளைகளும் பார்க்கும் நேரத்தில் இதைச் சொன்னது அதுவரை கேள்விப்படாதது. அவருடைய துணிச்சலில் இதற்கு மேலானது வேறில்லை. மற்ற எந்தச் சாதனையையும் இதற்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். அந்த வாக்குமூலம் வரை கொடுமைக்கு ஆளான பிள்ளைகளின் கதை காவல்துறைக் கோப்பிலும் மருத்துவர் அறையிலும் அடங்கியிருந்தது. பிறகு அது வரவேற்பறைக்கு வந்தது. 1991இல் அவர் செனட் நீதித்துறைக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். குழந்தைகளைக் கொடுமைப்படுத்தித் தண்டனை பெற்றவர்களின் விவரங்களை நாடு தழுவிய தொகுப்பாக வைத்து, குழந்தைகளோடு பணியாற்ற வருபவர்களை அதில் சரிபார்க்க வழிசெய்யும் சட்டத்துக்காக அவர் வாதாடினார். 1993 டிசம்பர் 20 அன்று பில் கிளின்டன் கையெழுத்திட்ட தேசியக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தை மக்கள் ‘ஓப்ரா சட்டம்’ என்றே அழைத்தார்கள். 2010 நவம்பரில், சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளான 200 ஆண்கள் தங்கள் சிறுவயதுப் புகைப்படத்தைக் கையில் ஏந்தி அவருடைய அரங்கில் எழுந்து நின்றார்கள். ஆண்கள் இதைப் பற்றி வாயே திறக்காத நாட்டில் அந்தக் காட்சிக்குப் பெரும் பொருள் இருந்தது.

உணர்ச்சியை மட்டும் பேசி அவருடைய வணிகத் தெளிவை விட்டுவிடுவது பெண் கலைஞர்களைப் பற்றி எழுதுவோர் அடிக்கடி செய்யும் பிழை. தன் பெயரைத் திருப்பி எழுதி ‘ஹார்ப்போ’ என்ற நிறுவனத்தை 1986இல் தொடங்கினார். 1988இல் நிகழ்ச்சியின் உரிமையையே அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது. சிகாகோவில் சொந்தப் படப்பிடிப்பு நிலையமும் வந்தது. சம்பளத்துக்கு அமரும் தொகுப்பாளராக இருந்திருந்தால் புகழ் கிடைத்திருக்கும். செல்வம் பிறரிடம் போயிருக்கும். 1996 செப்டம்பரில் தொடங்கிய புத்தக மன்றம் இன்னொரு சாதனை. முதலில் எடுத்துக்கொண்டது ஜாக்குலின் மிச்சர்டின் நாவல். அதன் பின் அவர் கையில் எடுத்த நூல் லட்சக்கணக்கில் விற்பது வழக்கமானது. நோபல் பரிசு பெற்றிருந்த டோனி மாரிசனுக்குக்கூட அதுவரை எட்டாத வாசகர்கள் கிடைத்தார்கள். நாஷ்வில்லில் தந்தை வைத்த வாராந்திர எழுத்துப் பாடம் இங்கே நாடு முழுவதற்குமான பாடமாக விரிந்தது.

அறிஞர்களின் விமர்சனம் கடுமையானது, அதை ஒதுக்கிவிட முடியாது. சமூகவியலாளர் ஈவா இல்லூஸ் 2003இல் வெளியிட்ட நூலில், துன்பத்தையே ஒரு பண்பாட்டு வடிவமாக இந்த நிகழ்ச்சி மாற்றியதை ஆராய்ந்தார். ஜானிஸ் பெக் 2008இல் எழுதிய நூல் இன்னும் ஒரு படி மேலே போய், அரசின் கடமைகள் சுருங்கிய காலத்தில் எல்லாத் தீர்வும் தனிமனிதரின் மனத்துக்குள் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு ஓப்ரா வலுச்சேர்த்தார் என்று வாதிட்டது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. கூட்டரசின் திட்டமும் உதவித்தொகையும் வேலைவாய்ப்பு விதிகளும் இல்லாமல் தானே வந்திருக்க முடியாத ஒருவர், மேடையில் பெரும்பாலும் மன உறுதியையும் நல்லெண்ணத்தையும் பற்றியே பேசினார். நல்ல எண்ணம் நல்லதை ஈர்க்கும் என்று போதித்த ‘தி சீக்ரெட்’ நூலை 2007இல் அவர் தூக்கிப்பிடித்தது அதன் உச்சம். அவருடைய இளமை வறுமை பற்றிய விவரிப்பில் மிகை உண்டு என்று உறவினர் சிலர் சொன்னதும் 2010இல் கிட்டி கெல்லி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சாக்கு உடுப்பு உண்மையா என்ற சர்ச்சை பெரிதல்ல. ஒன்பது வயதுச் சிறுமிக்கு நேர்ந்தது அதனால் சிறிதும் குறைவதில்லை.

வெற்றி பழைய காயத்தை ஆற்றிவிட்டது என்று சொல்லவும் இடமில்லை. உடல் எடையோடு அவர் நடத்திய நீண்ட போராட்டம் நாடறிந்தது. உணவைத் தன் துயரத்துக்கு ஆறுதலாகக் கொண்டதாக அவரே விளக்கியிருக்கிறார். பதினான்கு வயதில் குழந்தை பெற்றதை 1990இல் குடும்பத்தில் ஒருவரே பரபரப்பு இதழ் ஒன்றுக்கு விற்றார். அன்று தன் வாழ்வு முடிந்தது என்றே ஓப்ரா நினைத்தார். யாரும் அவரைப் பழிக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2015இல் ஆஸ்திரேலியா சென்றிருந்தபோதுதான் இறந்த அந்தக் குழந்தைக்குக் கானான் என்று பெயரிட்டதாகச் சொன்னார்.

2007 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் ஜொஹானஸ்பர்கை அடுத்த ஹென்லி-ஆன்-கிளிப் என்ற ஊரில் ஏழைப் பெண் பிள்ளைகளுக்காக அவர் உறைவிடப் பள்ளி திறந்தார். 4 கோடி டாலர் செலவானது. அதே ஆண்டு விடுதிக்குள் மாணவியர் துன்புறுத்தப்பட்டதாகப் புகார் எழுந்தது. ஓப்ரா விரைந்து சென்று பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார், விசாரணைக்கு வழிசெய்தார். குற்றம் சாட்டப்பட்ட பணியாளரை 2010இல் நீதிமன்றம் விடுவித்தது. பிள்ளைகளின் பாதுகாப்பு பணத்தாலும் நல்லெண்ணத்தாலும் மட்டும் உறுதியாவதில்லை என்பதை அவரைவிடக் கசப்பாக உணர்ந்தவர் இருக்க முடியாது.

2011 மே 25 அன்று ‘தி ஓப்ரா வின்ஃப்ரே ஷோ’ 4,500-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளோடு முடிந்தது. அதே ஆண்டின் முதல் நாளிலேயே ‘ஓன்’ என்ற அவருடைய தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியிருந்தது. 2013இல் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை பராக் ஒபாமா அவருக்கு அணிவித்தார். 2018 மார்ச்சில் சிபிஎஸ் நிறுவனத்தின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சிக்காக, குழந்தைப் பருவக் காயங்களைப் பற்றி அவர் ஒரு செய்தித் தொகுப்புத் தயாரித்தார். வழிதவறிய ஒருவரிடம் ‘உனக்கு என்ன கோளாறு’ என்று கேட்பதை விட்டு ‘உனக்கு என்ன நேர்ந்தது’ என்று கேட்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. உளவியல் மருத்துவர் புரூஸ் பெர்ரியோடு 2021இல் அவர் எழுதிய நூலுக்கும் அந்தக் கேள்வியே தலைப்பானது. அந்தச் செய்திக்காக அவர் சென்ற நகரம் மில்வாக்கி.